போர்க்கப்பல் மீளமைப்புத் தன்னார்வலர்கள்

போர்க்கப்பல் மீளமைப்புத் தன்னார்வலர்கள் என்போர், பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட வரலாற்றுச் சிறப்புமிக்க கடற்படைக் கலங்களை ஊதியம் பெறாமல் பழுதுபார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அருங்காட்சியகக் கப்பல்களாகப் பேணுபவர்கள் ஆவர். தொடக்கத்தில் இவர்களுள் பலர் அதே கப்பலிலோ அதே வகைக் கப்பலிலோ பணியாற்றிய முன்னாள் கடற்படையினராக இருந்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஐக்கிய இராச்சியம், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இம்மரபு வேரூன்றியுள்ளது. இந்தியாவில் பழைய போர்க்கப்பல்களைக் காக்கும் முயற்சிகள் பெரும்பாலும் அரசுகளாலும் கடற்படையாலும் மேற்கொள்ளப்பட்டன. அவற்றுள் சில வெற்றி பெற்றன, சில கைவிடப்பட்டன. இத்தன்னார்வலர்களின் பணி, அவர்கள் காத்த சில கப்பல்கள், அவர்களுக்கு அளிக்கப்படும் சிறப்புகள், இந்திய அனுபவம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

ஒரு போர்க்கப்பலின் பணிக்காலம் பொதுவாக இருபத்தைந்து முதல் நாற்பது ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு அது வேறு நாட்டுக்கு விற்கப்படலாம், பயிற்சியின்போது இலக்காக வைத்து மூழ்கடிக்கப்படலாம், அல்லது உடைக்கப்பட்டு இரும்பாக விற்கப்படலாம். கடைசியாகக் கூறியதே பெரும்பாலான கப்பல்களின் முடிவு ஆகும். குஜராத் மாநிலத்தின் அலாங் கடற்கரை உலகின் மிகப்பெரிய கப்பல் உடைப்புத் தளங்களுள் ஒன்று. அருங்காட்சியகமாக நிலைபெறும் கப்பல்கள் மிகச் சிலவே.

இரண்டாம் உலகப்போரின்போது பல நாடுகளில் இளைஞர்கள் கட்டாயப் படைச்சேவையின் கீழ்ச் சேர்க்கப்பட்டனர். போர் முடிந்ததும் அவர்களுள் பெரும்பான்மையோர் ஊர் திரும்பித் தச்சர், பற்றவைப்பாளர், மின்பணியாளர், ஆசிரியர், எழுத்தர் எனப் பல தொழில்களில் நாற்பது ஆண்டுகள் உழைத்தனர். 1980களில் அவர்கள் ஓய்வு பெறத் தொடங்கியபோது, இளமையில் தாம் வாழ்ந்த கப்பல்கள் ஒவ்வொன்றாக உடைக்கப்பட்டிருந்தன. அவர்களிடம் நேரமும் கைத்தொழிலும் கப்பலைப் பற்றிய நினைவும் சேர்ந்து இருந்தன. மீளமைப்பு இயக்கம் வலுப்பெற்றதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனக் கொள்ளலாம்.

கப்பல் அழிவதற்கான காரணங்கள்

தன்னார்வலர்களின் பணி ஏன் ஒருமுறை செய்து முடிப்பதாக இல்லாமல் தொடர்பணியாக உள்ளது என்பதை அறிய, இரும்பு துருப்பிடிக்கும் முறையை அறிதல் வேண்டும். சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் உள்ள உப்பளங்களை ஒட்டிய பகுதிகளில் வாழ்வோர் இதனை நன்கு அறிவர். அங்கு சன்னல் கம்பிகளும் இரும்புக் கதவுகளும் உள்நிலப் பகுதிகளைவிட விரைவில் துருப்பிடிக்கின்றன. இரும்பு, நீர், உயிர்வளி ஆகியவை சேரும்போது இரும்பணுக்கள் மின்னணுக்களை இழந்து துருவாக மாறுகின்றன. நீரில் உப்பு கரைந்திருந்தால் அது மின்சாரத்தை எளிதில் கடத்தும். எனவே இம்மாற்றம் விரைவாக நடைபெறுகிறது.

கப்பலில் மிக விரைவாக அரிக்கப்படுவது நீருக்குள் முழுமையாக மூழ்கியுள்ள பகுதி அன்று. நீர்மட்டத்தை ஒட்டி, அலை பட்டுப்பட்டு விலகும் பகுதியே அதிகம் அரிக்கப்படுகிறது. அங்கு உப்புநீரும் காற்றும் ஒருங்கே கிடைப்பதே இதற்குக் காரணம். வெளியே தெரியாத இடங்களும் உண்டு. மரத்தளத்துக்கும் அதன் கீழுள்ள இரும்புத் தகட்டுக்கும் இடைப்பட்ட இடுக்கு, அடித்தளத்தில் கழிவுநீர் தேங்கும் பள்ளம், இரட்டை அடித்தளத்தின் உட்புறம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் மெலிந்துகொண்டே வரும். மேலே புத்தம்புது வண்ணப்பூச்சுடன் நிற்கும் ஒரு கப்பலின் அடித்தகடு, சுத்தியலால் தட்டினால் ஓட்டையாகும் நிலையில் இருக்கக்கூடும்.

இதனைத் தடுக்க வண்ணப்பூச்சுடன், கப்பலின் அடிப்புறத்தில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் மின்னணுக்களை இழக்கும் இயல்புடையது. ஆதலால் அது முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. கரைந்த கட்டிகளை மாற்றவும் அடித்தகட்டின் தடிமனை மீயொலிக் கருவியால் அளக்கவும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலை உலர்துறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அருங்காட்சியகக் கப்பல்களின் வரவுசெலவில் மிகப் பெரிய செலவு இதுவே. நுழைவுச்சீட்டு வருவாய் மட்டும் இதற்குப் போதுவதில்லை.

ஒப்பீட்டுக்கு, கேளம்பாக்கத்துக்கு அருகில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைக் கூறலாம். அங்குள்ள பழைய வீடுகள் வேறு ஊர்களிலிருந்து பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் கட்டப்பட்டவை. இரும்புக் கப்பலை அவ்வாறு பிரித்துக் கோர்க்க இயலாது. முழுதாகவே நகர்த்த வேண்டும், முழுதாகவே காக்க வேண்டும்.

பணியின் தன்மை

மீளமைப்பு என்றவுடன் பீரங்கிகளும் கட்டளை மேடையும் நினைவுக்கு வரினும், பணியின் பெரும்பகுதி துருவைத் தட்டி எடுப்பதே ஆகும். கைச்சுத்தியல், உளி, காற்றழுத்தத்தால் இயங்கும் ஊசிச்சுத்தியல் ஆகியவற்றால் பழைய பூச்சும் துருவும் நீக்கப்படுகின்றன. வெறும் இரும்பு தெரிந்தவுடன் ரெட் ஆக்சைடு போன்ற அடிப்பூச்சும் அதன்மேல் கடற்படைச் சாம்பல் நிறமும் பூசப்படுகின்றன. கப்பலின் மறுமுனையை அடைவதற்குள் தொடங்கிய முனை மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

இப்பணி இடர் மிகுந்ததும் ஆகும். பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கும். நீராவிக் குழாய்களின் மேல் சுற்றப்பட்ட உறைகளில் கல்நார் இருக்கும். இரண்டும் நுரையீரலுக்கும் நரம்புகளுக்கும் கேடு விளைவிப்பவை. எனவே கல்நாரை அகற்றும் பணி இன்று பயிற்சி பெற்ற நிறுவனங்களிடமே ஒப்படைக்கப்படுகிறது.

காணாமற்போன கருவிகளைத் தேடுதல் மற்றொரு பணி. போர் முடிந்தபின் கப்பல்களிலிருந்து வானொலிக் கருவிகள், பீரங்கிகள், மணிகள், கடிகாரங்கள், சமையலறைப் பாத்திரங்கள்வரை அகற்றப்பட்டன. அவற்றை உடைக்கப்படும் பிற கப்பல்களிலிருந்தும் பண்டகசாலைகளிலிருந்தும் தேடிப் பெறுகின்றனர். வரைபடங்கள் கிடைக்காத இடங்களில் முன்னாள் மாலுமிகளின் நினைவே வரைபடமாகிறது. ஒரு வால்வு எந்தத் தொட்டிக்குச் செல்கிறது, ஓர் அறையில் படுக்கைகள் எத்தனை அடுக்காகத் தொங்கின, அவசரகாலத்தில் எந்தக் கதவை முதலில் மூடுவார்கள் என்பன பல வேளைகளில் எந்த ஏட்டிலும் காணப்படுவதில்லை. முதியவர் ஒருவர் எஞ்சின் அறையில் நின்று கையை நீட்டிக் காட்டும்போதுதான் அது பிறருக்குத் தெரியவருகிறது. அவர் மறைந்தால் அந்த அறிவும் உடன் மறைகிறது.

கேசில்மெயினும் மதராசும்

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் உள்ளது. இரண்டாம் உலகப்போரின்போது அந்நாட்டில் பாதர்ஸ்ட் வகையைச் சேர்ந்த 60 சிறு போர்க்கப்பல்கள் கட்டப்பட்டன. ஏறத்தாழ 57 மீட்டர் நீளமுடைய இவை கண்ணிவெடிகளை அகற்றவும் வணிகக் கப்பல்களுக்குத் துணை செல்லவும் பயன்பட்டன. இவற்றுள் நான்கு அன்றைய இந்திய அரசக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. அவை பெங்கால், பம்பாய், மதராஸ், பஞ்சாப் எனப் பெயர் பெற்றன.

இந்நான்கில் பெங்கால் 1942 நவம்பர் 11 அன்று, கொக்கோஸ் தீவுகளுக்கு அப்பால், ஒண்டினா என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகச் சென்றபோது, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய இரு சப்பானியத் தாக்குதல் கப்பல்களை எதிர்கொண்டது. போரில் ஹொக்கோக்கு மாரு என்னும் சப்பானியக் கப்பல் வெடித்து மூழ்கியது. பெங்கால், ஒண்டினா இரண்டும் தப்பின. இந்தியக் கடற்படை வரலாற்றில் பெருமையுடன் குறிப்பிடப்படும் நிகழ்வு இது. எனினும் பெங்கால் பின்னர் உடைக்கப்பட்டது. நமது நகரின் பெயரைத் தாங்கிய மதராசும் இன்று இல்லை.

இவற்றின் உடன்பிறப்பான கேசில்மெயின் மட்டும் மெல்பேர்ண் அருகே வில்லியம்ஸ்டவுனில், தான் கட்டப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருக்கிறது. 1942 ஜூன் மாதம் பணியில் சேர்ந்த அக்கப்பல் 1945 டிசம்பரில் விடுவிக்கப்பட்டு, பின்னர் பயிற்சிக்கலமாகப் பயன்படுத்தப்பட்டது. 1973இல் அது ஆஸ்திரேலியக் கடல்சார் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று முதல் தன்னார்வலர்கள் அதனை மீளமைத்துப் பேணி வருகின்றனர். மதராஸ் கப்பலில் பணியாற்றிய இந்திய மாலுமிகள் எத்தகைய எஞ்சின் அறையில் நின்றனர், எவ்வளவு இடத்தில் உறங்கினர் என்பதை அறிய விரும்பும் ஒருவர் சென்னையில் அதனைக் காண இயலாது, வில்லியம்ஸ்டவுனுக்கே செல்ல வேண்டும்.

அமெரிக்க எடுத்துக்காட்டுகள்

ஸ்லேட்டர் என்னும் துணைக்காவல் நாசகாரிக் கப்பல் 1944இல் பணியில் அமர்த்தப்பட்டது. 1951இல் கிரேக்கத்துக்கு அளிக்கப்பட்ட இக்கப்பல் ஏட்டோஸ் என்ற பெயரில் நாற்பது ஆண்டுகள் பணியாற்றியது. 1961இல் வெளிவந்த த கன்ஸ் ஆஃப் நவரோன் திரைப்படத்திலும் இது இடம்பெற்றது. இவ்வகைக் கப்பல்களில் பணியாற்றிய முன்னாள் மாலுமிகளின் சங்கம் தம் உறுப்பினர்களிடம் நன்கொடை திரட்டி, 1993இல் அதனை அட்லாண்டிக் பெருங்கடல் வழியே இழுத்துவரச் செய்தது. 1997 முதல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் உள்ளது. பழுதடைந்து துருவேறி வந்த அக்கப்பல், தன்னார்வலர்களின் பல்லாண்டு உழைப்பால் 1945ஆம் ஆண்டுத் தோற்றத்தை மீண்டும் பெற்றுள்ளது.

எல்.எஸ்.டி.-325 இன்னும் வியப்புக்குரியது. டாங்கிகளை நேரே கடற்கரையில் இறக்குவதற்கெனக் கட்டப்பட்ட இக்கப்பல் சிசிலி, நார்மண்டி தரையிறக்கங்களில் பங்கேற்றது. இதுவும் பின்னர் கிரேக்கத்துக்குச் சென்றது. 2000ஆம் ஆண்டில் முன்னாள் மாலுமிகள் குழு ஒன்று கிரேக்கத்துக்குச் சென்று, கப்பலைத் தம் கையால் பழுதுபார்த்து, இழுவைக் கப்பலின் உதவியின்றித் தாமே ஓட்டிவர முடிவு செய்தது. அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 72. பனிக்கால அட்லாண்டிக்கில் அத்தகைய பழைய கலத்தில் பயணம் செய்வது ஆபத்தானது என அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரித்தது. டிசம்பரில் ஜிப்ரால்ட்டரிலிருந்து புறப்பட்ட அவர்கள் 2001 ஜனவரி 10 அன்று அலபாமா மாநிலத்தின் மொபீல் துறைமுகத்தை அடைந்தனர். திரளான மக்கள் கரையில் நின்று வரவேற்றனர்.

திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல்

மீளமைக்கப்பட்ட பாய்மரப் போர்க்கப்பல்களுள் டிரின்கோமலி குறிப்பிடத்தக்கது. இலங்கையின் திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய இக்கப்பல், பம்பாயில் வாடியா குடும்பத்தின் பார்சிக் கப்பல் கட்டுநர்களால் மலபார்த் தேக்கில் கட்டப்பட்டு 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது. 1986 வரை பயிற்சிக் கப்பலாக இருந்த அது, 1987இல் இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1990 முதல் 2001 வரை மீளமைக்கப்பட்டது. இம்மீளமைப்பு முதன்மையாக ஊதியம் பெற்ற கைவினைஞர்களால் செய்யப்பட்டதாகும். ஆயினும் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் மிகப் பழைய பிரித்தானியப் போர்க்கப்பல் இந்தியத் தேக்கால் ஆனது என்பது இங்குக் கூறத்தக்கது. கருவேல மரத்தால் கட்டப்பட்ட சமகாலக் கப்பல்கள் பல மட்கி அழிந்தபோது, தேக்கிலுள்ள இயற்கை எண்ணெய் இதனைக் காத்தது.

இந்திய அனுபவம்

விக்ராந்த்

இந்தியாவின் முதல் வானூர்தி தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்த் 1961 மார்ச் 4 அன்று பெல்பாஸ்ட் நகரில் பணியில் அமர்த்தப்பட்டது. 1971 போருக்கு முன் அதன் கொதிகலன்களில் விரிசல்கள் கண்டறியப்பட்டன. மாற்று உறுப்பு உடனடியாகக் கிடைக்காத நிலையில், இரும்புப் பட்டைகளால் இறுக்கி வேகத்தைக் குறைத்துக் கப்பலை இயக்கினர். அந்நிலையிலேயே அது அந்தமான் பகுதியிலிருந்து சென்று, சிட்டகாங், காக்சு பசார் மீதான தாக்குதல்களில் பங்கேற்றது. போர்வெற்றியில் எஞ்சின் பணியாளர்களின் பங்கு எத்தகையது என்பதற்கு இது சான்று.

1997 ஜனவரி 31 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட விக்ராந்த், மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக வைக்கப்பட்டது. நிலையான அருங்காட்சியகம் அமைக்கும் முயற்சிக்குத் தேவையான முதலீடு கிடைக்கவில்லை. அடித்தகடுகள் மெலிந்து பாதுகாப்பற்றுப் போனதால் 2012இல் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. 2014இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் விற்கப்பட்டது. வழக்குகள் தள்ளுபடியான பின் அவ்வாண்டு நவம்பரில் உடைக்கும் பணி தொடங்கியது. அதன் இரும்பின் ஒரு பகுதி 2016இல் வெளிவந்த ஒரு மோட்டார் சைக்கிளின் உலோகத்தில் கலக்கப்பட்டது. அதே ஆண்டு சனவரியில் மும்பையில் அவ்விரும்பாலான நினைவுச்சின்னம் ஒன்றும் திறக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் நின்ற இடத்திலேயே நின்ற கப்பலைக் கொன்றது பகைவர் அல்லர், உலர்துறைக்குச் செல்லாமையே எனலாம்.

இரண்டாவது வானூர்தி தாங்கியான ஐ.என்.எஸ். விராட் 2017 மார்ச் 6 அன்று விடுவிக்கப்பட்டது. அதனை சிந்துதுர்க் கடற்பகுதியில் அருங்காட்சியகமாக்கும் 852 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மகாராட்டிர அமைச்சரவை 2018 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆனால் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 2020 செப்டம்பரில் விராட் அலாங் கரையை அடைந்தது.

குர்சுரா

ஐ.என்.எஸ். குர்சுரா 1969 டிசம்பர் 18 அன்று சோவியத் ஒன்றியத்தின் ரீகா நகரில் பணியில் அமர்த்தப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல் ஆகும். 91.3 மீட்டர் நீளமுடைய இதில் 75 பேர் பணியாற்றினர். 1971 போரில் அரபிக்கடலில் சுற்றுக்காவல் செய்தது. 1970களின் இடையில் இதன் உறுப்புகள் கழற்றப்பட்டுப் பிற நீர்மூழ்கிகளுக்குப் பொருத்தப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் செப்பனிடப்பட்டு மீண்டும் கடலுக்குச் சென்றது. 31 ஆண்டுப் பணியில் 73,500 கடல் மைல் பயணம் செய்து 2001 பெப்ரவரி 27 அன்று ஓய்வு பெற்றது.

இதனைக் காட்சிப்படுத்தும் எண்ணம் அட்மிரல் வி. பசிரிச்சாவுடையது. சுமார் 5.5 கோடி ரூபாய்ச் செலவில் விசாகப்பட்டினத்தின் ராமகிருட்டிணா கடற்கரைக்கு இழுத்துவரப்பட்டு, அடித்தளத்தின்மேல் நிலைநிறுத்தப்பட்டது. 2002 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய ஆந்திர முதலமைச்சர் நா. சந்திரபாபு நாயுடு திறந்துவைத்தார். பொதுமக்கள் அம்மாதம் 24ஆம் நாள் முதல் அனுமதிக்கப்பட்டனர்.

குர்சுரா நிலைத்ததற்கு இரு காரணங்களைக் கூறலாம். ஒன்று, அது தண்ணீரில் இல்லாமல் தரையில் நிற்பது. அதனால் உலர்துறைச் செலவு இல்லை. மற்றொன்று, ஓய்வுபெற்ற கடற்படையினரே அதன் வழிகாட்டிகளாகவும் காப்பாளராகவும் நியமிக்கப்பட்டது. இவர்கள் ஊதியம் பெறுபவர்கள் ஆதலால் கண்டிப்பான பொருளில் தன்னார்வலர்கள் அல்லர். எனினும் அவர்கள் செய்யும் பணி ஸ்லேட்டரின் முதியவர்கள் செய்த பணியை ஒத்ததே. டார்பிடோக் குழாய்களுக்கு நடுவே 75 பேர் எவ்வாறு உறங்கினர், நன்னீர்ப் பற்றாக்குறையால் குளியல் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை, அவ்வாழ்க்கையை வாழ்ந்தவர் கூறக் கேட்பதற்கும் அறிவிப்புப் பலகையில் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

வாக்லி

குர்சுராவின் வெற்றியைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் இத்தகைய அருங்காட்சியகம் ஒன்று திட்டமிடப்பட்டது. 1974இல் பணியில் சேர்ந்து 2010 டிசம்பர் 9 அன்று விடுவிக்கப்பட்ட ஐ.என்.எஸ். வாக்லி என்னும் நீர்மூழ்கிக் கப்பலை மாமல்லபுரத்தில் நிறுவிக் கடல்சார் பாரம்பரிய அருங்காட்சியகம் அமைப்பது அத்திட்டம். கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ளது. பல்லவர் காலத் துறைமுக நகரில் இருபதாம் நூற்றாண்டு நீர்மூழ்கி நிற்பது பொருத்தமாகவே இருந்திருக்கும். திட்டம் நிறைவேறவில்லை.

இப்பகுதியில் ஆள்வளம் இல்லை எனக் கூற இயலாது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் உள்ளது. கானாத்தூரில் தனியார் கடல்சார் பல்கலைக்கழகம் ஒன்று உள்ளது. கப்பல் எஞ்சின், உலோக அரிப்பு, பற்றவைப்பு ஆகியவற்றைக் கற்கும் மாணவர்களுக்கு நடைமுறைப் பயிற்சிக்கூடமாக அமைந்திருக்கக்கூடிய கலம் அது. வாக்லியின் திட்டம் சுற்றுலாத் திட்டமாகவே வகுக்கப்பட்டது. கப்பலைச் சுற்றி ஆட்களைத் திரட்டும் முயற்சி அதில் இடம்பெறவில்லை.

பிற கலங்கள்

கருநாடகத்தின் கார்வாரில் சபல் என்னும் ஏவுகணைப் படகும், கேரளத்தின் ஆலப்புழையில் 2021இல் சாலை வழியே கொண்டுவரப்பட்ட விரைவுத் தாக்குப் படகு ஒன்றும், தியூவில் குக்ரி என்னும் கப்பலும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இவை பெரிய வானூர்தி தாங்கிகளோடு ஒப்பிடுகையில் சிறியவை என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் தன்னார்வ மரபு வளராமை

இதற்கு நாட்டுப்பற்றுக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அது சரியான விளக்கம் அன்று. இந்தியக் கடற்படை கட்டாயச் சேவையால் அமைந்தது அன்று. 2022 வரை மாலுமியாகச் சேர்ந்தவரின் தொடக்கப் பணிக்காலம் 15 ஆண்டுகளாக இருந்தது. முப்பத்தைந்து வயதை ஒட்டி வெளிவரும் ஒருவருக்குப் பிள்ளைகளின் கல்வியும் வீட்டுக் கடனும் காத்திருக்கும். அவர் வங்கியிலோ தொழிற்சாலையிலோ வணிகக் கப்பலிலோ இரண்டாவது வேலை தேட வேண்டும். மேலும் அவர் பல கப்பல்களுக்கு மாறி மாறிப் பணியாற்றியிருப்பார். போர்க்காலத்தில் ஒரே கப்பலில் மூன்றாண்டு வாழ்ந்த இளைஞனுக்கு அக்கப்பல்மேல் உள்ள பற்று இதிலிருந்து வேறுபட்டது.

அடுத்தது உரிமை பற்றியது. ஸ்லேட்டரும் கேசில்மெயினும் அறக்கட்டளைகளின் பொறுப்பில் உள்ளன. அங்குக் கையில் சுரண்டியுடன் வரும் முதியவருக்கு வேலை கொடுக்க யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. விக்ராந்தோ மும்பை கடற்படைத் தளத்தின் பாதுகாப்பு வளையத்துக்குள் நின்றது. ஒரு முன்னாள் மாலுமி சனிக்கிழமை காலை அங்குச் சென்று துரு தட்ட விரும்பியிருந்தாலும் அதற்கு வழி இருந்திருக்காது. விற்பனையை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களும், பெரும் வணிக நிறுவனங்களிடம் நிதி எதிர்பார்த்தவர்களும் இருந்தனர். நாள்தோறும் கப்பலுக்குச் சென்று உழைக்கும் குழுவுக்கு இடம் இல்லை.

2022இல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தின்படி சேருவோரில் பெரும்பகுதியினர் நான்கு ஆண்டுகளில் வெளிவருவர். இளமையில் குறுகிய காலம் கடலில் வாழ்ந்து பிறகு வேறு தொழிலுக்குச் செல்லும் தலைமுறை ஒன்று இதனால் உருவாகும். மேலைநாட்டுத் தன்னார்வலர்களின் வாழ்க்கை அமைப்பு ஏறத்தாழ இவ்வாறே இருந்தது.

சிறப்பிக்கும் முறைகள்

தன்னார்வலர்களைச் சிறப்பிக்கும் முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. 1966இல் தொடங்கப்பட்ட வரலாற்றுக் கடற்படைக் கப்பல்கள் சங்கம், பராமரிப்புப் பணியில் சிறந்தோருக்கும் தன்னார்வலர்களுக்கும் விருதுகள் வழங்குகிறது. ஐக்கிய இராச்சியத்தில் 2002இல் நிறுவப்பட்ட தன்னார்வச் சேவைக்கான அரசி விருது, தற்போது அரசர் விருது என வழங்குகிறது. இது தனியாளுக்கு அன்றிக் குழுவுக்கே அளிக்கப்படுகிறது. துரு தட்டுதல் போன்ற பெயர் வெளிவராத பணிகளுக்கு இம்முறை பொருத்தமானது.

விழாவைவிடப் பயணமே பெரிய சிறப்பாக அமைந்ததும் உண்டு. ஜெரமையா ஓ'பிரையன் போர்க்கப்பல் அன்று, போர்க்காலச் சரக்குக் கப்பல். அதனை மீளமைத்த முதிய தன்னார்வலர்கள், நார்மண்டி தரையிறக்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக 1994இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பிரான்சு வரை தாமே ஓட்டிச் சென்றனர். பின்னர் இதன் நீராவி எஞ்சின், டைட்டானிக் திரைப்படத்தின் எஞ்சின் அறைக் காட்சிகளுக்காகப் படமெடுக்கப்பட்டது.

இந்தியாவில் பீல்டு மார்சல் கே. எம். கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. டிசம்பர் 4 கடற்படை நாள் ஆகும். முதல் நீர்மூழ்கியான கல்வரி பணியில் சேர்ந்த டிசம்பர் 8 நீர்மூழ்கி நாள் ஆகும். பழைய கப்பலைக் காப்போருக்கெனத் தனி நாள் இல்லை. கப்பலுக்குச் சிறப்பு உண்டு. பணியில் உள்ள கப்பல்களுக்கே உரிய கொடி அலங்கார மரியாதை குர்சுராவுக்கும் அளிக்கப்படுகிறது.

இன்றைய நிலை

இரண்டாம் உலகப்போர்த் தலைமுறையினருள் இன்று உயிருடன் இருப்போர் மிகச் சிலர். அவர்கள் தொடங்கிய பணியைக் கடற்படையில் சேராத பொறியாளர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் தொடர்கின்றனர். முதியவர்கள் எஞ்சின் அறையில் நின்று விளக்குவதை ஒளிப்படக் கருவியில் பதிவு செய்தல், வால்வுகளுக்கும் குழாய்களுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டுதல், கப்பலின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் அளந்து கணினியில் சேமித்தல் ஆகியவை துரு தட்டுதலுடன் இணைந்து நடைபெறுகின்றன. குர்சுராவின் வகையைச் சேர்ந்த நீர்மூழ்கிகள் அனைத்தும் 2010 டிசம்பருடன் இந்தியக் கடற்படையில் ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றில் பணியாற்றியோருள் கடைசியாக விடுவிக்கப்பட்டவர்களும் இப்போது நடுவயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர்.